மடக்குக் கட்டில்

இந்த ஃபர்னிச்சர் கடையில் எதையும் நம்புவதற்கில்லை. வீட்டு அறை மாதிரி ஜோடித்து வைத்திருக்கும் இடத்தில் டிவி வெறும் அட்டை; ஜன்னலில் தெரியும் வெயில் ஒரு டியூப்லைட். என் அறை பேரனுக்குப் போய்விட்டது, இனி எனக்கு பால்கனிதான். அதற்காக மகன் பார்த்துவைத்த மடக்குக் கட்டிலில் படுத்துப் பார்க்கிறேன். இரும்பு முனகுகிறது. "விருந்தாளி வந்தா மடக்கி ஓரமா சாத்திடலாம்" என்கிறாள் மருமகள். "என்னையுமாம்மா?" என்கிறேன். மகன் சிரிக்கிறான், பக்கத்துக் கட்டிலில் யாரோ ஒரு அம்மாளும் சிரிக்கிறாள். மருமகள் சிரிக்கவில்லை. கடையில் சும்மா கொடுக்கும் காகித டேப்பைத் தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு இழுத்து அளக்கிறாள். "பால்கனிக்குக் கச்சிதமா இருக்குங்க. மாமா காலுதான் வெளியே நீட்டிட்டிருக்கு." மகன் கட்டிலைத்தான் பார்க்கிறான். "இதைவிடப் பெருசு அங்கே நுழையாது. காலை மடக்கிக்குங்கப்பா." மடக்கிக்கொள்கிறேன்.