கழுதைக்குள் இருவர்

“அவங்க ரெண்டு பேரையும் ஒரே கழுதைக்குள்ள விடப்போறீங்களா?”

போதகரின் மனைவி கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாள். அறை முழுக்கச் சாம்பல் நிறத் துணி இறைந்து கிடந்தது. கோடை விடுமுறை வேதாகமப் பள்ளியின் நிறைவு நாள் நாடகத்துக்காக அவள் வேதாகமக் கதையில் பிலேயாம் ஏறிப்போகும் கழுதையைத் தைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே முன்னங்காலாக ஒருவர், பின்னங்காலாக ஒருவர் நிற்க வேண்டும்.

“வேற வழி தெரியல,” என்றார் போதகர். “அவங்க ஒண்ணாகாம இந்தச் சபை ஒண்ணாகாது.”

இருவரில் ஒருவர் கட்டட கான்ட்ராக்டர். இன்னொருவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கான்ட்ராக்டர் கட்டியிருப்பதே தலைமையாசிரியரின் தங்கையைத்தான். ஆலயத்துக்கு என்ன வண்ணம் அடிப்பது என்று ஏழு வருடங்களுக்கு முன் தொடங்கிய பேச்சு முற்றி, ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத அளவுக்குப் போய்விட்டது. இன்றும் ஆலயத்தின் இடப்பக்கச் சுவர் வெளிர்நீலம், வலப்பக்கச் சுவர் சந்தன நிறம். சபையாரும் அவரவர் நிறத்தின் ஓரமாகவே உட்காருவார்கள். விடுமுறைப் பள்ளியைக் காலையில் வைக்கலாம் என்று ஒருவர் சொன்னதால் மாலையில்தான் வைக்க வேண்டும் என்றார் மற்றவர். கடைசியில் நடுப்பகலில் வைத்ததில், பாவம், பிள்ளைகள் உச்சி வெயிலில் வந்துபோனார்கள்.

போதகர் இங்கே வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஊர் ஊராக மாறி மாறி அலுத்துப்போன குடும்பம். மகளுக்கு இப்போதுதான் பள்ளியில் தோழிகள் கிடைத்திருந்தார்கள். மனைவி வைத்த எலுமிச்சைக் கன்று வேர்பிடித்திருந்தது. சபை மட்டும் ஒருமனப்பட்டுவிட்டால் இங்கேயே நிம்மதியாக ஊழியம் செய்யலாம் என்று அவர் நம்பினார்.

இருவரையும் தனித்தனியாகப் போய்ப் பார்த்தார். கழுதையின் தலை உங்களுக்குத்தான் என்று கான்ட்ராக்டரைக் குளிர வைத்தார். பாரத்தையெல்லாம் தாங்குவது பின்னங்கால்தான், அதற்குப் பொறுப்பான ஆள் வேண்டும் என்று தலைமையாசிரியரை மடக்கினார். கூட நிற்கப்போவது யார் என்பதை மட்டும் விழுங்கிவிட்டார். பேரப்பிள்ளைகள் பிடுங்கி எடுத்ததில் இருவராலும் மறுக்க முடியவில்லை.

நிறைவு நாளன்று திரைக்குப் பின்னால்தான் இருவரும் சந்தித்துக்கொண்டார்கள். இருவர் முகமும் சுண்டிப்போனது. ஆனால் வெளியே அத்தனை பிள்ளைகளும் கழுதை எங்கே, கழுதை எங்கே என்று தரையை உதைத்துக்கொண்டிருந்தார்கள். வேண்டாவெறுப்பாக இருவரும் துணிக்குள் புகுந்தார்கள்.

மேடையில் முன்னங்கால்கள் ஒரு பக்கம் போக, பின்னங்கால்கள் இன்னொரு பக்கம் இழுத்தன. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பிலேயாமாக நின்ற போதகர் கதைப்படி கழுதையை மூன்று முறை அடிக்க வேண்டும். அட்டைக் கோல்தான், ஆனால் நடிப்பு வேகத்தில் பின்பக்கம் கொஞ்சம் பலமாகவே விழுந்துவிட்டது. கழுதை மிரண்டு மேடை விளிம்புக்கே வந்துவிட்டது.

துணிக்குள்ளிருந்து கான்ட்ராக்டரின் குரல் மெல்லக் கேட்டது.

“மச்சான், பாத்து. படி இருக்கு.”

பின்னங்கால்கள் சட்டென்று நின்றன. பிறகு பின்னாலிருந்து பதில் வந்தது.

“சரி மாப்பிள்ளை.”

அதற்குப் பிறகு நான்கு கால்களும் ஒரே தாளத்தில் நடந்தன. போதகருக்கு அடுத்த வசனம் மறந்துபோனது. ஒட்டுத்தாடிக்குள் கண்ணீர் இறங்கியது.

நாடகம் முடிந்ததும் இருவரும் வியர்வையில் குளித்தபடி ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். தலைமையாசிரியர் இடுப்பைத் தேய்த்துக்கொள்ள, கான்ட்ராக்டர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அன்றிலிருந்து இருவரும் ஆலய முகப்பில் தினமும் தலையோடு தலை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். தெருப் பிள்ளைகள் அவர்களைக் கண்டால் கழுதைத் தாத்தா என்று கூப்பிட்டார்கள். எவ்வளவு பாசம் என்று போதகர் நெகிழ்ந்தார். அவர் பக்கத்தில் போனால் இருவரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஏழு வருடத்து மனக்குறை, ஆற அமரப் பேசித் தீர்க்கட்டும் என்று விலகிக்கொண்டு, மனைவியிடம் சொல்லி அவர்களுக்குக் காபி அனுப்பினார்.

ஒருநாள் காலையில் இருவரும் சலவை வேட்டி கட்டி, கான்ட்ராக்டரின் காரில் ஒன்றாக எங்கோ போனார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. அன்று மாலை கான்ட்ராக்டரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு போதகர் வீட்டுக்கு வந்தாள்.

“அண்ணன் இன்னிக்கு எங்க வீட்டுல உக்காந்து சாப்பிட்டாருங்க ஐயா. எல்லாம் உங்களாலதான்.”

அடுத்த ஞாயிறு சபையார் நிறம் பார்க்காமல் கலந்து உட்கார்ந்தார்கள். போதகரின் நன்றி ஜெபம் முடியவே மாட்டேன் என்றது.

மறுநாள் பேராயரே போனில் அழைத்தார்.

“அந்த ரெண்டு பேரும் ஒரே கார்ல வந்து என் வாசல்ல இறங்கினாங்க. என்னால நம்பவே முடியல தம்பி. எப்படி ஒண்ணு சேத்தீங்க?”

எல்லாம் ஆண்டவர் செயல் என்றார் போதகர். பாராட்டை மனைவியும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டார்.

“உங்களுக்கு முன்னாடி இருந்தவர் ஆறு வருஷம் அசையாம இருந்தாரே, எப்படின்னு நினைக்கிறீங்க? ஒருத்தர் வந்து போதகரை மாத்துங்கம்பார். மறுநாளே இன்னொருத்தர் வந்து மாத்தவே கூடாதும்பார். நானும் அப்படியே விட்டுடுவேன்.” பேராயர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “இந்தத் தடவை ரெண்டு பேரும் ஒருமனமா மாத்தச் சொல்றாங்க தம்பி. பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள சாமானைக் கட்டிடுங்க.”