சுடுதண்ணீர்ப் பக்கம்

"குழாய்ல பழுது இல்லைன்னு நீங்க சொன்னா, அடுத்த போன் போலீசுக்குத்தான்" என்றார் வீட்டுப் பெரியவரின் மகன்.

பிளம்பர் கருவிப் பையைக் குளியலறை வாசலில் வைத்தார். சுவரோரம் ஒரு பெண் நின்றிருந்தாள். இருபது வயது இருக்கும். உடுப்புக்கு மேலே ஓர் ஆண்பிள்ளைச் சட்டையைப் போட்டுக் கழுத்துவரை பொத்தான் மாட்டியிருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. மேலே ஈ உட்கார்ந்தால்கூட விரட்ட யோசிப்பாள் போலிருந்தது.

"எங்க மாமனாரைப் பார்த்துக்கிறவ இவதான்" என்றாள் மருமகள். "இந்தப் பூனையும் பால் குடிக்குமான்னு இருந்தா. நேத்து குளிப்பாட்டுறேன்னு கூட்டிட்டுப் போய் அவர் கையை வேகவச்சுட்டா."

"நான் ஒண்ணும் பண்ணலக்கா. குழாய்ப் பிடியை நடுவுலதான் வச்சிருந்தேன். திடீர்னு ஷவர்ல கொதிக்கக் கொதிக்க வந்துடுச்சு."

"உன்னை யாரும் கேக்கல."

மகன் குரலைத் தாழ்த்தினார். "அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போயிடுச்சு. மிச்சம் இருந்தது இடது கை ஒண்ணுதான். இப்ப அதுலயும் மணிக்கட்டு வரைக்கும் கட்டு. என்ன நடந்துச்சுன்னு அவரால சொல்லவும் முடியாது. நீங்கதான் சொல்லணும்."

"நல்லவேளை, வேற எங்கேயும் படல. அதுவரைக்கும் பிழைச்சார்" என்றாள் மருமகள்.

பிளம்பர் உள்ளே போனார். பெரியவர் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலி ஷவருக்கு நேர் கீழே கிடந்தது. அண்ணாந்து ஷவரைப் பார்த்தார். குனிந்து நாற்காலியைப் பார்த்தார். பிறகு அதை ஓரமாக நகர்த்தினார்.

கீசரைப் போட்டார். தண்ணீர் சூடானதும் குழாயின் பிடியை நடுவில் வைத்துத் திறந்து, ஷவருக்குக் கீழே உள்ளங்கையை நீட்டினார்.

"மேடம், சமையலறைக் குழாயைத் திறந்துவிடுங்க. சார், நீங்க அந்தப் பக்கத்து பாத்ரூம்ல பிளஷை அமுக்குங்க. வேற இடத்துல தண்ணி இழுத்தா இங்க பச்சைத்தண்ணி குறைஞ்சு சூடு ஏறும். அதைப் பார்த்துடலாம்."

இருவரும் போய்த் திறந்தார்கள், அமுக்கினார்கள், திரும்பி வந்தார்கள். கால் மணி நேரம் ஆயிற்று. பிளம்பர் நீட்டிய கையை ஒரு தடவைகூட இழுத்துக்கொள்ளவில்லை.

"இந்தப் பொண்ணு வந்து எத்தனை நாளாச்சு?" என்று கேட்டார்.

"மூணு மாசம்" என்றாள் மருமகள். "இவளுக்கு முன்னாடி மூணு பேர் வந்தாங்க. மூணும் சின்னப் பொண்ணுங்க. ஒருத்தியும் ஒரு மாசம் தாண்டல. என்ன குறைன்னு வாயைத் திறந்து சொல்லவும் இல்ல. இவளுக்குப் போக்கிடம் இல்ல, அதனால நின்னா."

உள்ளறையிலிருந்து பெரியவர் முனகினார். கூப்பிடுகிற முனகல்.

"கூப்பிடுறார் இல்ல, போ" என்றாள் மருமகள்.

அந்தப் பெண் நகரவில்லை. பிளம்பர் அவளைப் பார்த்தார். அவள் கை தானாகச் சட்டையின் மேல் பொத்தானுக்குப் போயிற்று.

பிளம்பர் வால்வை மூடினார். பிடியைக் கழற்றி, உள்ளே இருந்த நட்டைத் திருகி, கட்டைவிரல் அளவுள்ள கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுடுதண்ணீரையும் பச்சைத்தண்ணீரையும் கலந்து விடுவது அதுதான்.

மகன் கையில் செல்போன் தயாராக இருந்தது. "சொல்லுங்க."

பிளம்பர் தொண்டையைச் செருமினார்.

"பழுது இதுலதான் சார். உள்ள பீங்கான் தட்டு ரெண்டு இருக்கு. உப்பு படிஞ்சு ஒட்டிக்கிச்சு. ஒட்டினது பிரியுறப்ப ஒரேயடியாச் சுடுதண்ணி பாயும். உங்க நல்ல நேரம், அவர் கையோட போச்சு."

"நீங்க இவ்வளவு நேரம் பிடிச்சப்ப வரலையே?"

"கேக்கறப்ப வராது சார். எதிர்பாராத நேரத்துலதான் வரும். இந்தப் பொண்ணு மேல தப்பில்ல."

"எங்கே, அதைக் காட்டுங்க."

"பார்த்தா ஒண்ணும் தெரியாது. எல்லாம் உள்ளே." மாற்றிய பழைய உருப்படியை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டுத்தான் அவர் எப்போதும் கிளம்புவார். இதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

புதிய கார்ட்ரிட்ஜை மாட்டி, பிடியை முறுக்கி, தண்ணீரைத் திறந்துவிட்டார். மகன் விரலை நீட்டித் தொட்டுப் பார்த்தார். செல்போன் பைக்குள் போயிற்று.

"சரி விடு. தெரியாம நடந்தது" என்றார் அந்தப் பெண்ணிடம், அவள் முகத்தைப் பார்க்காமல். "போய் அப்பாகிட்ட உட்காரு."

"இந்த அண்ணனுக்கு கேட்டைத் திறந்துவிட்டு வந்துடறேன் சார்."

கீழே கேட்டருகில் பிளம்பர் பையை வண்டியில் வைத்துக் கட்டினார். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க மட்டும் வரலைன்னா இந்நேரம் என்னை ஜெயில்ல போட்டிருப்பாங்கண்ணா."

பிளம்பர் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். மாடியை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"குழாய் நல்லாத்தாம்மா இருந்துச்சு" என்றார். "மேலயிருந்து கொட்டுற தண்ணி தலையையும் தோளையும் விட்டுட்டுக் கையை மட்டும் சுடுமா?"

அவள் கம்பியை விடவில்லை. அழவும் இல்லை. பேசியபோது குரல் தெளிவாக இருந்தது.

"கையை எடுங்கன்னு மூணு மாசம் வாயாலதாண்ணா சொல்லிப் பார்த்தேன்."