அவள் கேட்ட சொல்

எங்களுடைய கடைசிக் கல்யாண நாளன்று காலை, பழைய ஆங்கில நாவலோடு என் மனைவி வந்து நின்றாள்.

"ஏங்க, 'வவுச்சேஃப்'னா என்ன?"

மொழிபெயர்ப்பில் மூழ்கியிருந்த நான் தலை நிமிரவில்லை. "டிக்‌ஷனரி அலமாரியில இருக்கு."

"நடமாடுற டிக்‌ஷனரி நீங்க இருக்கறப்போ அது எதுக்காம்?"

"உயிரை வாங்காதே. போய்ப் பாரு."

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். தினம் ஒரு சொல்லோடு வருவாள். தினம் இதே பதில்தான்.

அவள் இறந்து இரண்டு மாதம் கழித்து, நான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்த புத்தகத்திலேயே அந்த 'வவுச்சேஃப்' வந்தது. எனக்கும் பொருள் தெரியவில்லை. அகராதியை எடுத்தேன்.

ஓரத்தில் அவளுடைய பென்சில் எழுத்து: 'பெரிய மனது பண்ணி அளித்தல். கதைகளில் பெரும்பாலும் ஒரு வார்த்தை பதிலை.'

கீழே தேதியும் போட்டிருந்தாள். அந்தக் கல்யாண நாளுக்கு முந்தின நாள்.

தெரிந்துகொண்டுதான் கேட்டிருக்கிறாள். அதன் பிறகு என்னால் தலை நிமிர முடியவில்லை.