துரையைக் காணவில்லை

தையற்காரர் போஸ்டரை வாங்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எவ்வளவு அம்சமா இருக்கு! ஆனா இப்படி ஒரு நாயை இந்தத் தெருவுல நான் பார்த்ததே இல்லையேம்மா."

நேற்றிலிருந்து அவளுக்குக் கிடைத்த பதிலெல்லாம் இந்த ரகம்தான். மருந்துக் கடைக்காரர் படத்தை வாயார மெச்சினார். பேருந்து நிறுத்தத்தில் ஒருத்தி, தன் பூனையையும் இதே மாதிரி எடுத்துத் தர முடியுமா என்று விசாரித்தாள். துரையைப் பார்த்தேன் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

படத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. செல்லப் பிராணிகளைப் படம் எடுப்பதுதான் அவள் தொழில். கறுப்புத் திரைக்கு முன்னால், முகத்தைச் சற்றே இடப்பக்கம் திருப்பி, துரை ஏதோ ராஜ்ஜியத்தை ஆண்டு முடித்தவன் மாதிரி இருந்தது. ரோமம் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. ஸ்டுடியோ வாசலில் மாட்டியிருந்த அந்த ஒரு படத்தைப் பார்த்துவிட்டுப் படியேறியவர்கள்தான் அவளுடைய வாடிக்கையாளர்களில் பாதிப்பேர்.

தம்பிதான் காலையில் போனில் கத்தினான். "அக்கா, அதைப் பார்த்தா ஏதோ சினிமா விளம்பரம்னு நினைச்சுப்பாங்க. சாதாரணமா போன்ல எடுத்தது ஏதாவது போடு."

அப்படி ஒன்று அவளிடம் இல்லை. போனில் எடுப்பதெல்லாம் ஒரு படமா என்று வருகிறவர்களிடம் சிரித்துக்கொண்டே சொல்கிறவள், தன் நாயைப் போனில் எடுப்பாளா?

போஸ்டரை மடித்துப் பையில் வைக்கும்போது போன் அதிர்ந்தது. தம்பி ஒரு படம் அனுப்பியிருந்தான். போன தடவை வந்திருந்தபோது எடுத்ததாம்.

அவளுக்குப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. பாதி மங்கல். ஓரத்தில் தம்பியின் கட்டைவிரல். நடுவில் துரை, நான்கு காலையும் மேலே தூக்கிக்கொண்டு, ஒரு காது உள்புறமாக மடங்கிக் கிடக்க, வாயில் செருப்போடு பல்லை இளித்துக்கொண்டிருந்தது.

இருந்தாலும் திரையைத் தையற்காரர் பக்கம் திருப்பினாள்.

அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அட, நம்ம சோம்பேறி! நாலு வீடு தள்ளி டீச்சரம்மா வீட்டு நாயாச்சே இது. மத்தியானமானா அங்கதானே கிடக்கும்."

மத்தியானங்களில் அவள் ஸ்டுடியோவில் இருப்பாள். காற்று வரட்டும் என்று பின்கதவைத் திறந்துவைத்துவிட்டுப் போவாள். துரை வீட்டில் தூங்கும். தூங்கும் என்றுதான் இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

டீச்சரம்மா கூடத்தில் உட்கார்ந்து, காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த துணிகளின் மேலேயே துரை மல்லாந்து கிடந்தது. நாக்கு ஒரு பக்கம் தொங்கியது.

விஷயத்தைக் கேட்டதும் டீச்சரம்மாவின் முகம் சுண்டிப்போனது. "உங்களோடதா? கழுத்துல ஒரு பட்டைகூட இல்லையேம்மா. யாருமில்லாததுன்னு நினைச்சேன். மழையா இருந்துச்சேன்னு ராத்திரியும் உள்ளயே படுக்க வச்சுட்டேன்."

பட்டையைக் கழற்றி வைத்தது அவள்தான். போட்டால் கழுத்து ரோமம் அமுங்கித் தடம் விழும். படத்தில் தெரியும்.

"துரை," என்று கூப்பிட்டாள். அப்படியே தரையில் மண்டியிட்டு இரண்டு கைகளையும் நீட்டினாள்.

துரை கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தது. எழுந்தது. உடம்பை ஒரு முறை உதறிக்கொண்டு துணிக் குவியலை விட்டு இறங்கியது.

அவளிடம் வரவில்லை. ஜன்னல் வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்துப் போய் உட்கார்ந்தது. முதுகை நிமிர்த்திக்கொண்டது. முகத்தைச் சற்றே இடப்பக்கம் திருப்பி, வாயை மூடிக்கொண்டு, அசையாமல் இருந்தது.

டீச்சரம்மா கையிலிருந்த துணியைக் கீழே போட்டாள்.

"ஐயையோ, இதுக்கு என்ன ஆச்சு? உடம்புக்கு முடியலையா?"