நடுவில் இருந்தவள்

வட அமெரிக்கச் சமவெளியில் வாழ்ந்த பிளாக்ஃபுட் பழங்குடி மக்களில் மருமகன் மாமியாரின் முகத்தைப் பார்க்கக் கூடாது, ஒரு வார்த்தை பேசக் கூடாது. அதுதான் மரியாதை. ஏழு வருஷமாக ஒற்றைக்காகம் என்பவனுக்கும் அவன் மாமியாருக்கும் இடையில் பேச்சைக் கொண்டுபோய்க் கொண்டுவந்தவள் அவன் மனைவி பனிக்குருவிதான். கூடாரம் கூடாரமாக அம்மை வாரிக்கொண்டுபோன அந்தக் குளிர்காலத்தில் அவளும் போய்விட்டாள். மிஞ்சியது இவர்கள் இருவர். சேர்ந்து உட்கார்ந்து அழக்கூட வழியில்லை.

அவள் இறந்த மூன்றாம் நாள், சுட்ட எருமைக்கறியை மாமியாரின் கூடார வாசலில் வைத்துவிட்டு, வழக்கம்போல முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றான். துக்கத்துக்காக முடியை அறுத்துப்போட்டிருந்த பிடரியில் காற்று குத்தியது. யாரிடம் சொல்வது? கடைசியில் பக்கத்தில், மனைவி எப்போதும் நிற்கும் இடத்தில் கிடந்த பனியைப் பார்த்துச் சொன்னான்.

"உங்கம்மாவைச் சாப்பிடச் சொல்லு."

பிறகு தோல் திரைக்குப் பின்னாலிருந்து மாமியாரின் குரல் உடைந்து வந்தது.

"உன் வீட்டுக்காரர் சாப்பிட்டாரான்னு கேளும்மா."

கேள்வி அவன் காதில் நன்றாகவே விழுந்தது. ஆனாலும் பனிக்குருவி வந்து கேட்கட்டும் என்று அங்கேயே நின்றான்.