பாதியில் ஊதா இழை

நகரி ஆந்திராவோடு இருக்குமா, மெட்ராஸோடு போகுமா என்று ஊரே அடித்துக்கொண்ட வருஷத்தில் நெசவாளி முனிகிருஷ்ணனுக்கு இத்தாலிப் பயணம் வாய்த்தது. கைத்தறிக் கண்காட்சி முடிந்ததும் ஓர் ஏரிக்கரையில் பத்து நாள் ஓய்வு. அங்கே படிக்க, கிளம்புமுன் ஊர் நூலகத்தில் மூன்று புத்தகங்களைப் பொறுக்கினார்.

படித்து நிறுத்திய பக்கத்தில், அன்று நெய்யும் பாவிலிருந்து ஓர் இழையை அடையாளம் வைப்பது தறிக்கார வீட்டு வழக்கம். முதல் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஊதா இழை கிடந்தது. கண்காட்சியில் நெய்து காட்டக் காலையில் அவரே சாயம் தோய்த்த ஊதா. வீட்டுக் கொடியில் அது இன்னும் காய்ந்துகொண்டிருந்தது.

"கன்னையா, இத யாருனா படிச்சிக்கினு இருந்தாங்களா?"

"இப்பத்தாண்ணா கட்டு பிரிச்சேன். ஒருத்தரும் தொடல" என்றார் நூலகர்.

இரண்டாவது புத்தகத்தில் ஊதா இழை பாதியிலேயே நின்றிருந்தது. அந்தப் பக்கம் ஈரமாக இருந்தது, ஏரிப் பாசி வாடை அடித்தது. மூன்றாவதில் இழையே இல்லை.

"இது வாணாம்பா" என்று இரண்டாவதைத் திருப்பிக் கொடுத்தார்.

கன்னையா அதை அலமாரியில் வைத்தார். முனிகிருஷ்ணன் மூன்றாவதைக் கையில் எடுத்தார். இப்போது கனத்தது. திறந்தார்.

பாதியில் ஊதா இழை இருந்தது. அதிலிருந்து சொட்டிய தண்ணீர் அவர் பாதத்தை நனைத்தது.