இரண்டு சொட்டு

மரக்கூழைக் காரத்தில் ஊறவைத்து, அமிலம் சேர்த்து, வெள்ளைப் பொடியாக மாற்றும் ஆலையில் இருபத்தெட்டு வருடம் பரிசோதகராக இருந்தவர் ஞானதுரை. பொடியைத் தண்ணீரில் கரைத்துக் கண்ணாடிக் குச்சியால் தூக்குவார். குச்சியிலிருந்து இறங்கும் இழை அறுபடாமல் எவ்வளவு நேரம் தொங்குகிறது என்று பார்ப்பதுதான் வேலை. சட்டென்று அறுந்தால் மூட்டை திரும்பிவிடும். நின்றால் ஐஸ்கிரீமுக்கோ பற்பசைக்கோ கண் மருந்துக்கோ போகும்.

ஓய்வு பெற்ற மூன்றாம் வருடம் அவர் கண்கள் வறண்டுபோயின. டாக்டர் எழுதிக்கொடுத்த செயற்கைக் கண்ணீர்ச் சீசாவில் அந்தப் பொடியின் பெயர்தான் அச்சாகியிருந்தது. ஒரு சொட்டை இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்து இழுத்துப் பார்த்தார். மெல்லிய இழை ஒன்று நின்றது.

முதல் நாள் காலை மருந்து விட்டுக்கொண்ட கையோடு பால் பாக்கெட்டை எடுக்கக் கதவைத் திறந்தார். கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது. வேலைக்குக் கிளம்பிய எதிர்வீட்டு நஸ்ரின் அப்படியே நின்றுவிட்டாள். இரண்டு வருடமாக எதிரெதிரே இருந்தும் அவர்கள் பேசியதில்லை.

“என்ன சார், அழுறீங்க? வீட்ல யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா?”

வீட்டில் அவரைத் தவிர யாருமில்லை. மருந்து என்று சொல்ல வாய்வரை வந்தது.

“அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா” என்றார்.

அவள் நம்பவில்லை. “எதுவா இருந்தாலும் கதவத் தட்டுங்க சார்” என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்குள் போனாள்.

மறுநாள் ஞானதுரை கதவுக்குப் பின்னால் அண்ணாந்தபடி, சீசாவைக் கண்ணுக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார். எதிர்வீட்டில் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. இரண்டு சொட்டு போதும் என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். நான்கு விட்டுக்கொண்டு கதவைத் திறந்தார்.